சீல் வைத்த கை

அவள் இரண்டு கையையும் நீட்டினாள்.

கையுறைக்குச் சீல் வைக்கும் அதிகாரி ஏற இறங்கப் பார்த்தார். உன் ஆட்டத்துக்கு முன்னால் இன்னும் மூன்று ஜோடி ஆடி முடிக்க வேண்டுமே, இப்பவே எதற்கு என்று கேட்டார்.

கை குளிர்கிறது என்றாள்.

மே மாதம். தகரக் கூரை.

அவர் சிரித்துக்கொண்டே கையுறையை மாட்டி, மணிக்கட்டில் வெள்ளை டேப்பைச் சுற்றி, அதன்மேல் கையெழுத்துப் போட்டார். இனி மேடையை விட்டு இறங்குகிறவரை பிரிக்கக் கூடாது. பிரித்தால் ஆட்டம் கிடையாது.

பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியவில்லை. மூக்கு அரித்தது. முழங்கையால் தேய்த்துக்கொண்டாள்.

செயலாளர் குலசேகரன் வந்தார். மாவட்டக் குத்துச்சண்டைச் சங்கமே அவர்தான். நகராட்சிப் பயிற்சிக்கூடத்தின் சாவியும் அவரிடம்தான். ஒரு கையில் டைப் அடித்த தாள். மறு கையில் மூடி கழற்றிய பேனா.

தாளில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

போன வருடம் இதே மேடையில் ஜெயித்ததும் மைக்கில் சொன்னாள். பயிற்சிக்கூடத்தில் எங்கள் காலனிப் பெண்களை விடுவதில்லை, நான் சுடுகாட்டு மதிலோரம் பழகித்தான் வந்தேன் என்று. அதற்கு முந்தின வருடமே மாநிலப் பட்டம் வாங்கியவள் சொன்ன சொல். பேப்பரில் வந்தது. மறுநாளே காலனியிலிருந்து பதினொரு பெண்கள் கூடத்து வாசலில் போய் உட்கார்ந்தார்கள். பிறகு வழக்கும் போட்டார்கள். அதற்குச் சாட்சி அவள்தான். விசாரணை வருகிற செவ்வாய்க்கிழமை.

'உணர்ச்சிவசப்பட்டுப் பேசிவிட்டேன். அப்படி எதுவும் நடக்கவில்லை.'

தாளில் அவ்வளவுதான்.

கையெழுத்துப் போட்டால் மாநிலப் போட்டிக்குப் பெயர் போகும். போடாவிட்டால், இன்று ஜெயித்தாலும் போகாது.

போட்டால் பதினொரு பேரும் பொய்யர்கள்.

அவள் கையுறைகளைத் தூக்கிக் காட்டினாள்.

குலசேகரன் டேப்பைப் பார்த்தார். அதிலிருந்த கையெழுத்தைப் பார்த்தார். அந்த விதியில் அவர் ரொம்பக் கறார். போன மாதம்கூட டேப் கிழிந்திருந்தது என்று ஒருத்தியை அழ அழ வீட்டுக்கு அனுப்பியவர்.

பேனாவை மூடினார். போகவில்லை.

"பரவால்ல பாப்பா," என்றார். "ஜெயிச்சதும் மைக்க நான்தான பிடிப்பேன். எல்லார் முன்னாடியும் வாசிச்சிரு. அது இன்னும் நல்லது."

ஜெயித்தவருக்குக் கை கிடையாது, கையுறைதான். அதனால் மைக்கை அவரே பிடிப்பார். வேறு யாரையும் பிடிக்க விடமாட்டார். படத்தில் விழ வேண்டுமே.

அவள் கையுறைகளை மடியில் வைத்துக்கொண்டாள். சட்டென்று கனத்தன.

தோற்றால் மைக் கிடையாது. அதையும் யோசித்தாள்.

மணி அடித்ததும் அது மறந்துபோயிற்று.

இரண்டாம் சுற்றில் இடது கண்ணில் ஒரு குத்து. மூன்றாம் சுற்று முடிவதற்குள் வீங்கி அடைத்துக்கொண்டது. நடுவர் தூக்கியது அவள் கையைத்தான்.

குலசேகரன் கயிற்றுக்குள் குனிந்து மேலே வந்தார். வலது கையில் மைக். இடது கையில் தாள், அவள் முகத்துக்கு நேராக. கழுத்தைச் சாய்த்து, சிரித்த முகமாக நின்றார்.

கீழே வரிசையாகக் கேமராக்கள்.

கேலரியின் கடைசிப் படியில் அந்தப் பதினொரு பெண்கள். அவர்கள் கைதட்டவில்லை.

இடது கண் மூடிக் கிடந்தது.

வலது கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதை அவளே மூடினாள்.

"எழுத்து தெரியல சார்," என்றாள் மைக்கில். "மனசுல இருக்கறதச் சொல்லிடறேன்."

படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

குலசேகரன் மைக்கைப் பிடித்தபடி நின்றார். சிரித்த முகமாகவே.