குறை சொல்லாத பிளாப்பி

அருள்குமார் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வைரஸ் ஒழிக்கும் சாப்ட்வேர் போட, காந்திபுரம் கடையிலிருந்து சசிதர் இரண்டு பிளாப்பிகளோடு வந்திருந்தான்.

முதல் பிளாப்பியைப் போட்டதும் கம்ப்யூட்டர் கீ கீ என்று கத்தியது.

“ஏனுங்க, ஏகப்பட்ட வைரஸ் இருக்குதுங்க!”

“மெதுவாச் சொல்லுங்க!” அருள்குமார் சமையலறைப் பக்கம் பார்த்தார். “அடுத்ததைப் போடுங்க.”

இரண்டாவது பிளாப்பி சத்தமே இல்லாமல், வைரஸ் எதுவும் இல்லை என்று காட்டியது.

“இதையே போட்டுருங்க.”

“இது ரொம்பப் பழசுங்க. எந்த வைரஸையும் இதுக்குக் கண்டுபிடிக்கத் தெரியாதுங்க.”

“அதனாலதானுங்க இது வேணுங்கறேன்.”

அதற்குள் காப்பியோடு வந்தாள் அருள்குமாரின் மனைவி கலாமணி.

“என்னங்க சத்தம்? கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் கோளாறுங்களா? எங்கப்பா சீராக் குடுத்ததுங்க தம்பி. கிரைண்டர் ஆடுது, பீரோ சாத்த மாட்டேங்குதுன்னு எங்க ஊட்டுச் சீர்ல குத்தம் கண்டுபிடிக்கறதே இவங்களுக்கு வேலைங்க!”

சசிதர் முதல் பிளாப்பியைச் சட்டென்று பைக்குள் போட்டான். “குத்தமே இல்லீங்க அக்கா. சுத்தமா இருக்குதுங்க.”

அவள் பூரித்துப்போய் உள்ளே போனதும், அருள்குமாரின் காதருகே குனிந்தான்.

“எங்க ஊட்லயும் சீர்ல வந்த கம்ப்யூட்டர்தானுங்க. இதைத்தானுங்க போட்டிருக்கறேன்.”