வீடு பார்க்க வந்தவர்கள்

“இந்த வீட்டுத் தண்ணி சரியான உப்பு. தலைக்கு ஊத்துனா முடி கொத்துக் கொத்தா வரும்” என்றாள் தமிழ்வாணி.

சிவபாண்டி திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தான். சமயநல்லூரில் அந்தத் தெருவே அவர்கள் வீட்டு போர் தண்ணீரைத்தான் குடிக்கப் பிடித்துக்கொண்டு போகிறது.

வீடு பார்க்க வந்திருந்த ராஜகுருவின் முகம் மாறியது. “அப்படியாக்கா?”

“ஆமா. மழைன்னா தெருத் தண்ணி பூராவும் ஹாலுக்குள்ளதான். போன வருசம் கட்டிலைத் தூக்கி செங்கல் மேல வச்சோம்.”

அதுவும் பொய்.

புரோக்கர் மலையாண்டி சிரித்துச் சமாளித்தார். “தங்கச்சி சும்மா சொல்லுது தம்பி. வீட்டை விட்டுட்டுப் போறமேங்கற வருத்தம்.”

“சும்மா சொல்லலண்ணே. வாங்குறவங்ககிட்ட மறைக்கக் கூடாதுல்ல?”

ராஜகுருவும் அவன் மனைவி வித்யாஸ்ரீயும் சௌராஷ்டிர மொழியில் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள். அவளுக்கு ஆறாவது மாதம். கொஞ்சம் முன்புதான் ஹால் கொக்கியைப் பார்த்து, ‘தொட்டிலை இங்கேயே கட்டிக்கலாம்’ என்று சிரித்தவள்.

“யோசிச்சுட்டுச் சொல்றோம்ண்ணே” என்று பைக்கை எடுத்தான் ராஜகுரு.

பைக் தெருமுனை திரும்பும்வரை மலையாண்டி காத்திருந்தார்.

“மாப்ள, ரெண்டு மாசமா நாயா அலையுறேன். கேட்டுல பேங்குக்காரன் ஒட்டுன நோட்டீசைப் பாத்துட்டு வந்தவனெல்லாம் ஓடிட்டான். இந்த ஒரு பார்ட்டிதான் பரவாயில்லன்னு உள்ள வந்துச்சு. அதையும் உன் வீட்டுக்காரி வெரட்டி விட்டுருச்சு. இனி எனக்குப் போன் போடாத.”

கப்பலூர் கம்பெனியில் ஆட்குறைப்பு என்று சிவபாண்டியை அனுப்பி ஒரு வருடம் ஆகிறது. கிடைத்த வண்டிக்கெல்லாம் ஆக்டிங் டிரைவராகப் போகிறான். அது சாப்பாட்டுக்கே சரியாக இருக்கிறது. வீட்டுக்கடன் தவணை அப்படியே நின்றுவிட்டது.

அவன் பார்க்காத வழியில்லை. ‘தவணைக் காலத்தை நீட்டிக் குடுங்க சார்’ என்று கேட்டான். பாக்கியைக் கட்டிவிட்டு வந்து கேள் என்றார்கள். ‘வட்டியைக் கொஞ்சம் தள்ளுபடி பண்ணுனா ஒரே தடவையில முடிச்சிருறேன்’ என்றான். ஒரே தடவையில் கட்டப் பணம் எங்கே இருக்கிறது என்றார்கள்.

கடைசியில் மேனேஜர்தான் சொன்னார். “ஏலத்துக்கு முன்னாடி நீங்களே வித்துருங்க. கடன் போக நாலஞ்சு லட்சம் கையில நிக்கும். யாராவது அட்வான்ஸ் குடுத்தா அதைக் கொண்டாந்து கட்டுங்க, ஏலத்தை நிறுத்தி வைக்கப் பாக்குறேன்.”

ஏலத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

கதவைச் சாத்திவிட்டு சிவபாண்டி திரும்பினான். “ஏன்டி இப்படிப் பண்ண?”

தமிழ்வாணி தரையைப் பார்த்தபடி நின்றாள்.

“வீட்டை விட மனசு வரல, அதான? எனக்கு மட்டும் வருதா? எங்க அப்பன் ஆண்டிச்சாமி சாகுற வரைக்கும் அடுத்தவன் வயல்லதான் நின்னாரு. எங்க வம்சத்துல பட்டான்னு ஒண்ணக் கையில வாங்குன மொத ஆளு நான். நானே விக்கத் துணிஞ்சிட்டேன். உனக்கு என்னடி வந்துச்சு?”

வந்தவர்கள் குடித்த டம்ளர்களை அவள் எடுத்து அடுக்கினாள்.

“மிஞ்சுற காசுல பிள்ளைகளுக்கு ரெண்டு வருசம் பீஸ் கட்டிரலாம்னு இருந்தேன். அதுலயும் மண்ணள்ளிப் போட்டுட்ட.”

கையை ஓங்கிவிட்டான். அவள் விலகவில்லை. ஓங்கிய கை தானாகவே தணிந்தது. சுவரோரம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதான்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். “அந்தத் தம்பிகிட்டப் பேசப் போறேன். எம்பொண்டாட்டி சொன்னது பூராவும் பொய்னு சொல்லப் போறேன். கால்ல விழச் சொன்னாலும் விழுறேன்.”

ரிங் முழுதாகப் போய் நின்றது. ராஜகுரு எடுக்கவில்லை. பைக் ஓட்டிக்கொண்டிருப்பான்.

“ஏங்க” என்றாள் தமிழ்வாணி. “அந்தப் பிள்ளை அடுப்படியைப் பாக்க வந்தப்ப எங்கிட்டப் பேசுச்சு.”

“என்ன பேசுச்சு?”

“அட்வான்ஸுக்கு அவங்க கையில பணம் இல்லையாம். அதோட அம்மா ஒத்தையில இருக்காங்களாம். அந்தம்மா குடியிருக்கிற வீட்டுப் பத்திரத்தை வட்டிக்காரர்கிட்ட வச்சுத்தான் நமக்குத் தரப்போறாங்களாம். மிச்சத்துக்குப் பேங்குக் கடனாம்.”

சிவபாண்டி நிமிர்ந்து பார்த்தான்.

“பிள்ளை பிறந்தா அது வேலைய விட்டுரும். அப்புறம் பேங்குக்கும் வட்டிக்கும் அவரு ஒருத்தர் சம்பளந்தான். ‘கட்டிரலாம்லக்கா?’ன்னு கேட்டுச்சுங்க. எங்கிட்டப் போய்க் கேட்டுச்சுங்க.”

உள்ளறையில் பிள்ளைகள் சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள்.

போன் அடித்தது. ராஜகுரு.

“அண்ணே, கூப்பிட்டிருந்தீங்களா? வித்யாவுக்கு இன்னமும் உங்க வீட்டு மேலதான் மனசு. வழியெல்லாம் அதையேதான் சொல்லிட்டு வந்தா. ஏதாவது சொல்லணுமாண்ணே?”

சிவபாண்டி மனைவியைப் பார்த்தான்.

“ஒண்ணுமில்ல தம்பி” என்றான். “கை தவறிப் பட்டுருச்சு.”