தூளிக்கு ஒரு கம்பு

“அந்த மஞ்சத் துணிய மொதல்ல அவுத்துப் போடு பாய். எவனாவது பாத்தா வண்டியோட சேத்து நம்மையும் கொளுத்திடுவான்.”

ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்த மதார் சாகிப் திரும்பிப் பார்த்தார். எழும்பூர் ஸ்டேஷனில் ஏறியதிலிருந்து இந்தப் பாண்டிச்சேரிக்காரர் நீலமேகம் இப்படித்தான். ஆளைப் பார்த்தால் பனைமரம், மீசையில் எலுமிச்சம்பழம் நிற்கும். பயம் மட்டும் பச்சைப்பிள்ளைப் பயம்.

“அதுல ஒண்ணும் பேஜாரு இல்ல நைனா. காலைல ஓட்டு போடறவங்கள ஏத்திகினு போனேன். மஞ்சப் பொட்டிக்காரங்க கட்டிவுட்டாங்க.”

“பச்சைப் பெட்டிக்காரன் பாத்துட்டுச் சும்மா இருப்பானா?”

“அவங்க மத்தியானம் வரச் சொல்லிக்கீறாங்க. அப்போ பச்சத் துணி கட்டிக்குவேன்.”

கட்சிக்கு ஒரு நிறமாக ஓட்டுப்பெட்டி வைத்த காலம் அது. வண்டிக்காரர் சொன்னதை நீலமேகம் நம்புவதாக இல்லை. இது இங்கிலீஷ்காரன் சீமை, அவருக்கு வேற்று நாடு. பிரெஞ்சுக்காரன் ஆளுகிற அவர் ஊரில் எலெக்சன் என்றால் கடைத்தெருவே காலியாகிவிடும். புத்தியுள்ளவன் முதல் நாளே பெண்டுபிள்ளைகளோடு எல்லை தாண்டி விடுவான். அப்படிப்பட்ட நாளில் தெரியாத ஊருக்குள் யாராவது போவார்களா?

போகாமல் என்ன செய்வது? ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் சிவந்திக்கு வலி கண்டுவிட்டது என்று தந்தி. தாயில்லாப் பெண், தலைப்பிரசவம். எலெக்சனாவது ஒன்றாவது என்று ரயிலேறிவிட்டார். இறங்கிய பிறகுதான் யோசித்தார். அவள் முகத்தைப் பார்ப்பதற்குள் வழியில் எவனாவது மண்டையை உடைத்துவிட்டால்?

“தலைப்பிரசவம் அப்பன் வூட்லதான நைனா ஆவணும்? நீ இன்னாத்துக்கு இட்டுகினு போவல?”

“எங்க ஊர்லயும் எலெக்சன் வருது பாய். வரவே மாட்டேன்னுட்டா.”

“அதுவும் சரிதான். மடியில அது இன்னாது, கொயந்தயாட்டம் புடிச்சிகினு கீறே?”

நீலமேகம் துணி சுற்றிய நீளக் கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “கம்பு. தூளிக்குக் குறுக்கப் போட.”

“இம்மா நீட்டா?”

“வெட்டிக்கலாம்.”

ராயபுரத்தில் கம்புக்கா பஞ்சம் என்று மதார் சாகிப் சிரித்துக்கொண்டார். கல்மண்டபம் ரோடு திரும்பியதும் சிரிப்பு நின்றது. ஓட்டுச்சாவடிப் பள்ளிக்கூடத்தின் முன்னால் தெருவையே அடைத்துக்கொண்டு கூட்டம்.

“நிறுத்து. வண்டியத் திருப்பி நிறுத்து, ஓடணும்னா அதான் வசதி,” என்றார் நீலமேகம். குரல் இறங்கிவிட்டது. “அந்தச் சந்த அடைச்சிருக்கானா பாரு. வாசல்ல தடியோட நிக்கிறவன் எந்தக் கட்சி?”

“அது போலீசு நைனா.”

“சோடாக் கடையில எதுக்கு அத்தன புட்டி? எடுத்து எறிய வாகா வெளிய அடுக்கி வச்சிருக்கான் பாரு.”

“கத்திக் கத்தித் தொண்ட காஞ்சி போயிருக்கும். குடிக்கத்தான்.”

மதார் சாகிபுக்கே பாவமாகிவிட்டது. “உங்க ஊர்ல ரொம்ப அடிபட்டுக்கீறே போல நைனா.”

“எங்க அடிச்சா மனுசன் எழுந்திரிக்க மாட்டான்னு எனக்குத் தெரியும் பாய்,” என்று நீலமேகம் காதோரத்தைத் தொட்டுக் காட்டினார்.

அதற்குள் சோடா புட்டியும் கையுமாக ஒருவன் வண்டிப் படியில் தாவி ஏறினான். “பெரியவரே, எந்தப் பொட்டி?”

நீலமேகம் கண்ணை மூடிக்கொண்டார். எந்தப் பெட்டியைச் சொன்னாலும் அடி நிச்சயம். கை தானாகக் கட்டின் முடிச்சுக்குப் போனது.

“இவருக்கு இங்க ஓட்டு கெடியாதுப்பா. பொண்ணுக்கு நோவு கண்டுகீது, வயி வுடு,” என்றார் மதார் சாகிப்.

வந்தவன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். “தள்ளு தள்ளு, புள்ளத்தாச்சி வூட்டுக்குப் போற வண்டி.” மஞ்சள்காரர்களும் பச்சைக்காரர்களும் ஒன்றாக விலகினார்கள். போகிற போக்கில் அவன் சோடாவை நீலமேகத்தின் கையில் திணித்தான். “குடி பெரியவரே, மூஞ்சியெல்லாம் வேர்த்துகீது.”

கூட்டம் கண்ணிலிருந்து மறையும்வரை அவர் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒருத்தன்கூட அடிக்கலியே,” என்றார்.

“இன்னாத்துக்கு நைனா அடிக்கணும்?”

நீலமேகம் சோடாவை ஒரு வாய்கூடக் குடிக்காமல் கம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் சம்பந்தியம்மாள் கெங்கம்மா நின்றிருந்தாள். “பொட்டப் புள்ள சம்பந்தி. ரெண்டு பேரும் சொகமா கீறாங்க. உள்ள வா.”

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உள்ளே சிவந்தி குழந்தையை அணைத்தபடி படுத்திருந்தாள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, அவர் கையிலிருந்த கட்டைத்தான் பார்த்தாள்.

பையைக் கொண்டுவந்து வைத்த மதார் சாகிப் நல்ல மனசோடு சொன்னார். “உங்கப்பாவ அந்த ஊர்ல ரொம்ப அடிச்சிக்கீறானுங்க போல கண்ணு. வயி பூரா நடுங்கிகினே வந்தாரு.”

நீலமேகம் துணியை அவிழ்த்தார். இரண்டு முனையிலும் இரும்புப் பூண் போட்ட மூங்கில் தடி. அதைக் கொண்டுபோய் மகளின் காலடியில் வைத்தார்.

“இது நம்ம வீட்டுல இருக்கற வரைக்கும் வாசப்படி மிதிக்க மாட்டேன்னியேம்மா. நீயே வச்சுக்க. வெட்டித் தூளிக்குப் போடு.”

சிவந்திக்குக் கண் நிறைந்துவிட்டது. குழந்தையைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு வண்டிக்காரரைப் பார்த்தாள்.

“எங்கப்பா அடி வாங்கினவரு இல்ல பாய். எலெக்சன் அன்னிக்கு எங்க ஊரே கதவச் சாத்திக்கிட்டு நடுங்கறது இவருக்குப் பயந்துதான்.”