மூணு அடி வெளிச்சம்

“இருக்கிறதுலயே மலிவான லித்தியம் பேட்டரி ஒண்ணு கொடுப்பா, டார்ச்சுக்கு” என்றார் பெரியவர்.

“அது வேண்டாம் பெரியவரே. அட்டையில போட்டிருக்கிறதுல பாதி நேரம்கூட நிக்காது” என்றார் கடைக்காரர்.

“போன தடவை நீ கொடுத்த விலை கூடினது மட்டும் நின்னுச்சா? நேத்து முக்கியமான நேரத்துல அணைஞ்சுபோச்சு. நான் வேணும்னே அணைச்சேன்கிறா வீட்டுக்காரி.”

“இதுல வெளிச்சம் மூணு அடிகூடப் போகாது. தெருவுல பள்ளம் மேடு தெரியாம விழுந்து வைப்பீங்க.”

“தெருவுக்குன்னு யார் சொன்னா? மூணு அடி போதும்.”

கடையிலேயே டார்ச்சில் போட்டு எரியவிட்டுப் பார்த்த பிறகுதான் பெரியவர் காசை நீட்டினார்.

சாயங்காலம் வழக்கம்போல் கரண்ட் போனது. மனைவி நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். பெரியவர் டார்ச்சைப் போட்டுத் தன் முகத்துக்கே திருப்பிப் பிடித்தார்.

“அந்தக் கடைக்காரன் இருக்கானே, சரியான...” என்று ஆரம்பித்தார்.

காது அடியோடு கேட்காமல் போய் எட்டு வருஷமான மனைவி, அவர் உதட்டையே பார்த்தபடி கையைக் காட்டி நிறுத்தினாள்.

“கடைக்காரன் கதை அப்புறம். நேத்து ‘தப்பு என் மேலதான்’னு ஆரம்பிச்சீங்களே, அதுலேருந்து சொல்லுங்க.”