எட்டாவது முதுகு

தலையைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். உடம்பைப் பிடித்து இழுத்தால் தலை உள்ளேயே தங்கிவிடும்.

அவள் கட்டைவிரலால் சம்யுக்தாவின் பின்கழுத்துத் தோலை இழுத்துப் பிடித்தாள். மறு கையில் புருவம் திருத்தும் இடுக்கி. தோலோடு தோலாக வைத்தாள். திருகவில்லை. நேராக, மெல்ல.

வந்துவிட்டது.

மிளகில் பாதி. மேலே ரோஜா நிற நகப்பூச்சு. தேங்காயெண்ணெய், விக்ஸ், கடைசியில் நகப்பூச்சு என்று சம்யுக்தா எல்லாவற்றையும் பூசிப் பார்த்திருந்தாள். உண்ணி அலங்காரம் செய்துகொண்டு சாவகாசமாக ரத்தம் குடித்திருக்கிறது.

சானிடைசர் ஊற்றிய பாட்டில் மூடியில் போட்டாள்.

பட்டாம்பூச்சி ஆய்வுக்கு மலைக்காட்டுக்கு வந்த இரண்டாம் நாள். பெண்கள் கூடாரத்துக்குள் எட்டுப் பேர். பக்கத்துக் குடியிருப்பில் இரண்டு பேர் உண்ணிக் காய்ச்சலில் கிடக்கிறார்கள் என்று காலையில் வனத்துறை வாட்சர் சொல்லிவிட்டுப் போனார். மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். இருட்டுவதற்குள் ஒருத்தி முதுகை இன்னொருத்தி பார்த்தாக வேண்டும்.

காதுக்குப் பின்னால் இன்னொன்று. இடுக்கி பட்டதும் சம்யுக்தா துள்ளினாள்.

"ச்சொ... ச்சொ..."

நாக்கு தானாகத் தட்டியது. கூடாரமே சிரித்தது.

"என்னடி, ஆட்டுக்குப் பாக்குற மாதிரி பாக்குற?"

"ஆட்டுக்குத்தான் பாப்பேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது.

கல்லூரியில் ஐந்து வருடமாக 'அப்பா விவசாயம்' என்றே ஓட்டியிருந்தாள். நிலம் யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. நல்லதாய்ப் போயிற்று. ஆடுகளும் வேறு யாருடையதோதான். மேய்ப்பது மட்டும் அப்பா.

முகங்களைப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகாதது மாதிரி இருந்தார்கள்.

"அப்ப நீதான்டி டாக்டர்." பிரார்த்தனா முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.

ஏழு முதுகு.

ஒன்றில் பவுடர் வாசனை. ஒன்றில் வேர்க்குரு. ஒருத்தி பிஸ்கட் தின்றுகொண்டே கையைத் தூக்கினாள். அக்குளில் ஒன்று. முட்டி மடக்கில் ஒன்று. இடுப்பில், எலாஸ்டிக் அழுத்திய கோட்டின் மேல் இரண்டு. உண்ணிக்கு இடம் தெரியும். ஆட்டிலும் அப்படித்தான். மடிப்பு, சூடு, ஈரம்.

பிரார்த்தனாவின் முதுகில் எடுத்த இடம் தடித்துப் போனது. சம்யுக்தா அதை ஊதி ஊதித் தடவிவிட்டாள்.

"செம கைடி உனக்கு. வலிக்கவே இல்ல."

அந்தப் பாராட்டு அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் அசிங்கமாக இருந்தது.

வெளியே டீ கொதிக்கும் வாசனை. எல்லோரும் எழுந்தார்கள்.

அவள் டி-ஷர்ட்டைத் தோள்வரை தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்குப் பாரு சம்யு."

மதியத்திலிருந்தே இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு குறுகுறுப்பு. மேலிருந்து கை எட்டவில்லை. கீழிருந்து வளைத்தால் நடுவிரல் நுனி மட்டும் எதிலோ இடறுகிறது. பிடிக்க வரவில்லை.

முதுகில் வெளிச்சம் விழுந்தது. போன் டார்ச். இரண்டடி தள்ளியிருந்து.

விரல் வரவில்லை.

"ஒண்ணும் இல்லடி. க்ளீனா இருக்கு."

"இடது பக்கம். தோளுக்குக் கீழ."

"அதுவா? அது மச்சம்டி."

அங்கே அவளுக்கு மச்சம் கிடையாது. அக்கா எண்ணெய் தேய்த்துவிட்ட முதுகு. அதில் எது உண்டு, எது இல்லை என்று அக்கா சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம்.

"தொட்டுப் பாரேன். தெரியும்."

"ஐயோ, எனக்கு அதெல்லாம் ஒரு மாதிரி இருக்கும்டி. தப்பா எடுத்துக்காத."

எதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது?

கேட்கலாம். கேட்டால், சேச்சே, அப்படியெல்லாம் இல்லடி என்பார்கள். ஒருத்தி கண்ணைக் கசக்குவாள். எங்களப் போய் இப்படி நெனச்சிட்டியே என்பாள். அப்புறம் அவளை இவள்தான் சமாதானப்படுத்த வேண்டும்.

முதுகிலிருந்து வெளிச்சம் விலகியது.

கூடாரத்துக்கு வெளியே மேடத்தின் செருப்புச் சத்தம்.

"எல்லாருக்கும் பாத்தாச்சாம்மா?"

"பாத்தாச்சு மேடம்!"

எல்லாக் குரலும் சேர்ந்து வந்தது.

டி-ஷர்ட் விளிம்பு அவள் பிடியில் இருந்தது. இறக்கிவிட்டால் முடிந்தது. போய் டீ குடிக்கலாம். நாளைக்கும் வரிசையாக முதுகு பார்க்கலாம். காய்ச்சல் வந்தால் மலையிலிருந்து இறங்க நான்கு மணி நேரம் ஆகும். வராமலும் போகலாம்.

"எனக்குப் பாக்கல மேடம்."

செருப்புச் சத்தம் நின்றது.

"ஏய், நான் பாத்தேன்ல?" சம்யுக்தாவின் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "டார்ச் அடிச்சுப் பாத்தேன் மேடம். பொய் சொல்றா."

"பாத்தா மேடம்," என்றாள் அவள். "தொடல."



வெளியிலிருந்து கூடாரத்தின் ஜிப் மேலேறத் தொடங்கியது. பாதி வந்தது.

அங்கேயே நின்றது.

அவள் டி-ஷர்ட்டை இறக்கவில்லை.