ஏற்றத்தில் எட்டுப் பேர்

“எட்டுப் பேரையும் ஏத்திக்கொண்டோ இந்தக் கணக்கு வருது, கஜேந்திரன் அண்ணை?”

ஆஸ்பத்திரி வாசலில், மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்து கேட்டான் சிந்துஜன். ஹைபிரிட் வாகனங்கள் மலைப்பாதையில் எவ்வளவு பெற்றோல் குடிக்கின்றன என்று பார்க்க, கொழும்புக் கம்பனி ஒன்று ஓப்பநாயக்கத் தேயிலைத் தோட்டத்துக்குப் பரீட்சார்த்தமாக ஒரு வேன் கொடுத்திருந்தது. அதில் தரவு சேர்க்கும் கருவியைப் பொருத்தியவன் இந்த யாழ்ப்பாணத்துப் பொறியியலாளன்தான். கருவிக்கு ஏற்றம் தெரியும், பெற்றோல் தெரியும். ஆள் கணக்குத்தான் தெரியாது.

“ஆமாங்க சேர். கிளினிக் நாள்ல எட்டுப் பேருக்குக் கொறையாதுங்க,” என்றார் சாரதி கஜேந்திரன்.

சிந்துஜனுக்கு ஒன்றுமே புரியவில்லை. மற்ற மலைகளில் மூச்சுத் திணறும் அதே ரக வேன், இந்தத் தோட்டத்து ஏற்றத்தை மட்டும் பற்றரியிலேயே பாதி ஏறிவிடுகிறது! இந்த அதிசயத்தைக் கண்ணால் பார்க்காமல் கொழும்பு திரும்ப அவனுக்கு மனம் வரவில்லை.

“வேன் இங்கயே நிக்குமாங்க சேர்?” கஜேந்திரனின் குரல் இறங்கியது. “இது வர்றதுக்கு முந்தி புள்ளத்தாச்சிங்கள கொழுந்து லொறியிலதான் கொண்டு வந்தோம்.”

“முந்தியே சொன்னனான்தானே. நல்லா ஏறினால் கம்பனி இஞ்சையே விட்டிடும். ஏறாட்டி அடுத்த மாதம் திருப்பி எடுத்திடுவினம். இந்தக் கணக்குக்குப் பயமே இல்லை. நானும் இண்டைக்கு உங்களோட வாறன்.”

கிளினிக் முடிந்து வேன் நிறைந்தது. கொழுந்தெடுக்கும் பிரேமலதா முன்னால் எட்டிப் பார்த்தாள். “நம்ம வேன் பாஸாகிருமாங்க சேர்?”

“வகுப்பிலையே முதலாம் பிள்ளை, அக்கா!”

வேனே சிரித்தது. சிந்துஜனுக்கு அந்தச் சிரிப்பு மிகவும் பிடித்திருந்தது.

மலையடி மதகருகே வேன் நின்றது. கதவைத் திறந்துகொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

“என்ன, வீடு வந்திட்டுதோ?”

“லயம் மேலங்க சேர்,” என்றாள் பிரேமலதா. “நல்லா ஏறினாத்தான் வேன் தங்கும்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் ஏத்தம் வந்தா நாங்க நடந்துருவோம். நீங்க உக்காருங்க, ஒருத்தர்தானே!”

கடைசியாக, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, நிறைமாதக்காரி ஷாமிளாவும் இறங்கி மலையேறத் தொடங்கினாள்.