ஞாயிற்றுக்கிழமைத் தையல்

"மறுபடியும் அவுந்துடுச்சா?"

டீச்சர் கேட்டதும் லிஃப்ட்காரர் தலையைச் சொறிந்தார். மேசைமேல் எட்டுத் தாள்கட்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டு உறவில்லாமல் கிடந்தன.

"என்னன்னே தெரியல, டீச்சர். போன வாரம் இங்கேருந்து கொண்டுபோறப்ப கல்லு மாதிரி இருந்துச்சு. இப்பப் பாத்தா பல்லை இளிக்குது."

"பசையே போடாம நூலை மட்டும் நம்பி நிக்கிற புத்தகம். முடிச்சு நழுவினா எல்லாம் போச்சு. உக்காருங்க. முதல்ல வருகைப் பதிவு."

டீச்சர் நோட்டைத் திறந்து ஒரே ஒரு பெயரை வாசித்தார்.

"உள்ளேன், டீச்சர்!" லிஃப்ட்காரர் கை தூக்கினார்.

நூலகத்தின் பின்னறையில் அவர்கள் இருவரைத் தவிர ஈ காக்கைகூட இல்லை. இந்தப் புத்தகத் தையல் வகுப்புக்குத் தொடக்கத்தில் ஏழு பேர் வந்தார்கள். வளைந்த ஊசியை முந்தின தையலுக்கு அடியில் நுழைத்து, கண்ணி போட்டு, அடுத்த கட்டுக்குத் தாவ வேண்டும். எட்டுக் கட்டையும் தைத்து முடித்தால் புத்தகத்தின் முதுகில் சடை பின்னியதுபோல் சங்கிலி ஓடும். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தட்டையாக விரியும். அதற்கு வேண்டிய பொறுமை இல்லாமல் ஆறு பேர் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

லிஃப்ட்காரருக்கோ நாலாவது வாரமே தையல் கைக்கு வந்துவிட்டது. சனிக்கிழமைதோறும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தைத்ததைத் தானே கண்ணி கண்ணியாகப் பிரித்துவிடுவார்.

பின்னே என்ன செய்வது? முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட்டில் நின்று, ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரிடமும் வாயாடிய மனுஷன். ஓய்வு பெற்ற வருஷமே மனைவியும் போய்விட்டாள். இப்போது வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம்தான் பேச்சுத்துணை. தையல் வந்துவிட்டது என்று தெரிந்தால், "சரி, போய்ட்டு வாங்க" என்று டீச்சர் அனுப்பிவிடுவாரே!

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" ஊசியில் நூல் கோக்கப் பார்த்தபடி டீச்சர் கேட்டார்.

"ரொட்டி."

"கூட?"

"தண்ணி."

"நல்லா இருக்கு உங்க விருந்து!"

அவரை இப்படித் திட்டுவதற்கு உலகத்தில் வேறு யாரும் இல்லை. அதைக் கேட்கத்தான் இரண்டு பஸ் மாறி வருகிறார்.

ஆனால் இன்று டீச்சரின் குரல் கம்மியிருந்தது. மூன்று தரம் முயன்றும் நூல் ஊசிக்காதில் நுழையவில்லை.

"காய்ச்சலா, டீச்சர்?"

"லேசாத்தான். மாத்திரை போட்டுட்டேன். நீங்க வந்து காத்துக்கிட்டு இருப்பீங்களேன்னுதான்..."

லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்றது. நம் ஒருத்தருடைய பொய்க்காக, உடம்பு முடியாதவரைப் படுக்கவிடாமல் இழுத்து வைத்திருக்கிறோமே!

ஊசியை வாங்கினார். முக்கால் மணி நேரத்தில் எட்டுக் கட்டும் ஏறின. ஒரு கண்ணி பெரிது, ஒரு கண்ணி சிறிது என்று சொல்ல முடியாது. கடைசி முடிச்சை இறுக்கி, புத்தகத்தை டீச்சர் முன்னால் நகர்த்தினார்.

டீச்சர் அதை விரித்தார், மூடினார். முதுகில் விரலை ஓட்டிப் பார்த்தார். தலை நிமிராமலே சொன்னார்.

"நல்லா வந்திருக்கு. இனிமே நான் சொல்லித்தர ஒண்ணும் இல்ல."

"நீங்க போய் ஓய்வு எடுங்க, டீச்சர். இத்தனை நாள் உங்களை ரொம்பப் படுத்திட்டேன்."

டீச்சர் வருகைப் பதிவு நோட்டைப் பைக்குள் வைத்தார். பாவம், விட்டது தொல்லை என்று இருக்கும் என நினைத்துக்கொண்டார் லிஃப்ட்காரர்.

வழக்கமாகப் பக்கவாசல் வழியே வந்து போகிறவர், இன்று முன்வாசல் மேசைக்குப் போனார். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. கூச்சத்தோடு எழுத்தரிடம் கேட்டார்.

"சார், புத்தகம் தைக்கிற வகுப்பு அடுத்தது எப்ப ஆரம்பிக்குது? முதல்லேருந்து கத்துக்கணும். பேரு குடுக்கலாமா?"

"அந்த வகுப்பா? அதை நிறுத்தி அஞ்சு மாசம் ஆச்சுங்களே. மூணு பேருக்குக் குறைஞ்சா நடத்தக் கூடாது."

"இல்லையே... இப்பக்கூடப் பின்னறையில டீச்சர்..."

"அவங்களா? அவங்க தனிக்கட்டை. சொந்தம்னு இருக்கறது ஒரே ஒரு அண்ணன்தானாம், ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பாக்க வருவாராம். உக்காந்து பேச இடம் வேணும்னு கெஞ்சிக் கேட்டாங்க. அதான் அறையைத் திறந்துவிடறோம்." எழுத்தர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமா, நீங்கதானே அந்த அண்ணன்?"

லிஃப்ட்காரர் மூடியிருந்த பின்னறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"நான்தாங்க," என்றார். "தங்கச்சிக்கு உடம்பு சரியில்ல. வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வரேன்."